மூச்சுக்கும் காலுக்கும் சேர்த்தே பயிற்சி

“ரெண்டு அடி வச்சாலே மூச்சு வாங்குது டாக்டர். அம்மாவ நடக்க விடலாமா?”

அனுமந்தை, மரக்காணம் வட்டாரத்து ஊர்களிலிருந்து நுரையீரல் நோய்க்காக வருவோரின் குடும்பத்தார் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். அக்கேள்விக்குள்ளேயே ஒரு விடையும் இருக்கிறது: நடக்க விடக் கூடாது, உட்கார வைத்துக் காக்க வேண்டும் என்பதே அது. அன்பிலிருந்து பிறந்த விடைதான். ஆயினும் தவறான விடை.

இதற்கு நேர்மாறான இன்னொரு தவறும் இப்போது பரவி வருகிறது. கருவி ஒன்றை வாங்கி வாயில் வைத்து நாள்தோறும் மூச்சை இழுத்தால் நுரையீரல் வலுப்பட்டுவிடும், நடந்து வருந்த வேண்டியதில்லை என்பது அந்நம்பிக்கை. இவ்விரு தவறுகளுக்கும் இடையே நோயாளி தம் காலின் வலுவை இழந்து வருகிறார். நடை முதன்மை மருந்து. மூச்சுத் தசைகளுக்கான எதிர்ப்புப் பயிற்சி அதற்குத் துணை மருந்து. தேவையுள்ளவர்க்கு இரண்டையும் சேர்த்தே தர வேண்டும்; துணையை முதன்மையாக்கி நடையைக் கைவிடுவது கூடாது. இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

மூச்சிரைப்பின் சுழல்

உப்பளத் தொழிலாளியின் ஆண்டு மழையால் வகுக்கப்படுவது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பாத்திகள் காய்ந்த பின்னர்தான் வேலை தொடங்கும்; அடுத்த பருவமழை வந்தால் நின்றுவிடும். இடைப்பட்ட வெயில் மாதங்களில் உப்பை வாரிக் குவிக்கவும், கூடையில் நிரப்பித் தலையில் சுமக்கவும், வழுக்கும் வரப்பின்மீது நடக்கவும் உடலில் வலு இருந்தாக வேண்டும். அம்மாதங்களில் மூச்சு ஒத்துழைக்காவிட்டால் அந்த ஆண்டின் வருவாயே போய்விடும். குப்பத்தில் வலை இழுப்பவருக்கும், சவுக்குத் தோப்பில் விறகு கட்டித் தூக்குபவருக்கும் நிலைமை இதுவே. எனவே மூச்சிரைப்பு என்பது இங்கு மருத்துவச் சிக்கல் மட்டுமன்று. அடுப்பெரிவதா இல்லையா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருந்தனர் என்பது 2016ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. இதய நோய்க்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியான உயிரிழப்புக்குக் காரணமாக இருந்ததும் இந்நோயே. பீடி, சிகரெட் புகையுடன் விறகடுப்பின் புகையும் இதற்கு வழிகோலுகிறது. வாழ்நாளில் பீடியைத் தொட்டே அறியாத பெண்கள் பலர் இந்நோயுடன் வருவதற்கு அவ்வடுப்பே முக்கியக் காரணம். முன்பு காசநோய் வந்து குணமானவர்களிலும் பலருக்கு நுரையீரலில் தழும்பு தங்கி, மூச்சுக் குறைவு நீடிக்கிறது.

நோய் எதுவாயினும் பிறகு நடப்பது ஒன்றே. நடந்தால் மூச்சிரைக்கிறது, எனவே நோயாளி உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்திருப்பதால் தொடையும் கெண்டைக்காலும் மெலிகின்றன. மெலிந்த தசை, சிறு வேலைக்கே களைத்து லாக்டிக் அமிலத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. அதை ஈடுகட்ட உடல் இன்னும் விரைந்து மூச்சுவிடத் தூண்டப்படுகிறது. சென்ற மாதம் கிணற்றடிவரை நடந்தவர் இந்த மாதம் வாசல்வரைதான் வருகிறார். நுரையீரல் அதே நிலையில் இருக்கலாம். நோய் முற்றியதாகக் குடும்பத்தார் கருதும் அச்சரிவில் ஒரு பெரும்பங்கு காலின் தளர்ச்சியால் வந்தது. இழந்த நுரையீரலை எந்தப் பயிற்சியும் மீட்டுத் தராது. இழந்த காலின் வலுவைப் பயிற்சியால் மீட்க முடியும்.

ஒரே வாய்க்கால், இரு பாத்திகள்

காலுக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை உப்பளத்துக்காரர்க்கு எளிதில் விளக்கலாம். ஒரே வாய்க்காலிலிருந்து இரண்டு பாத்திகளுக்கு நீர் பாய்கிறது எனக் கொள்வோம். ஒரு பாத்தி அளவுக்கு மிஞ்சி இழுத்தால் மற்றது வறளும். இதயம் செலுத்தும் குருதியும் இவ்வாறே. ஓய்வில் இருக்கும்போது நலமான ஒருவரின் மூச்சுத் தசைகள், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் மிகச் சிறு பங்கையே எடுத்துக்கொள்கின்றன. கடும் உழைப்பின்போது அப்பங்கு 10 முதல் 15 விழுக்காடு வரை உயர்கிறது. நுரையீரல் அடைப்பு நோயாளிக்கோ அது இன்னும் மிகுதி.

1997இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே அளந்து காட்டினர். முழு வேகத்தில் மிதிவண்டிக் கருவியை மிதித்துக்கொண்டிருந்தவர்களின் மூச்சுச் சுமையைக் கூட்டியபோது காலுக்குச் செல்லும் குருதி குறைந்தது. மூச்சுச் சுமையைக் குறைத்தபோது காலுக்குக் கூடுதலாகக் குருதி சென்றது. மூச்சுத் தசை களைத்தால் உடல் அதற்கே முன்னுரிமை தந்து, காலுக்குச் செல்லும் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. நாம் ‘கால் சோர்ந்துவிட்டது’ என்று சொல்லும் பல வேளைகளில் சோர்வின் வேர் மார்புக்குள் இருக்கிறது.

அடைப்பு நோயில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியேற வேண்டிய காற்று முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே தங்குவதால், குடைபோல் வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசை குறைந்த வலுவுடனேயே காற்றை இழுக்கும். அத்தசைக்கு அளந்து சுமை ஏற்றி வலுவூட்டுவதே மூச்சு எதிர்ப்புப் பயிற்சி. வில் சுருள் பொருத்திய சிறு கருவியின் வழியே மூச்சை உள்ளிழுக்க வேண்டும். குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டினால்தான் அதன் அடைப்பான் திறக்கும். கைக்கு எடை தூக்குவது எப்படியோ, உதரவிதானத்துக்கு இது அப்படி.

ஆய்வுகள் காட்டும் எல்லை

இவ்வளவு பொருத்தமாக இருப்பதால் இக்கருவியை எல்லார்க்கும் தந்துவிடலாமே என்று தோன்றும். ஆய்வுகள் அதற்கு இடந்தரவில்லை.

2018இல் ஜெர்மனியில் ஏறத்தாழ 600 அடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மறுவாழ்வுப் பயிற்சியுடன் மூச்சு எதிர்ப்புப் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்தனர். மூச்சுத் தசையின் வலு கூடியது. ஆனால் ஆறு நிமிடங்களில் நடக்கும் தொலைவு, அப்பயிற்சி பெறாதவர்களைவிடக் கூடவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றொரு பன்னாட்டு ஆய்வு, மூச்சுத் தசை தளர்ந்திருந்த 219 பேரை மட்டும் தேர்ந்தெடுத்தது. அங்கும் ஆறு நிமிட நடைத் தொலைவில் வேறுபாடில்லை. எனினும் ஒரே பளுவில் மிதிவண்டிக் கருவியை மிதித்துத் தாக்குப்பிடிக்கும் நேரம் நீண்டது. அப்போது உணர்ந்த மூச்சுத்திணறலும் குறைந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வின் சாரமும் இதுவே: வேறு பயிற்சி எதுவும் இல்லாதவர்க்கு மூச்சுப் பயிற்சி மட்டுமே தந்தாலும் ஓரளவு பயன் உண்டு, முழுமையான மறுவாழ்வுப் பயிற்சியில் இருப்பவர்க்கு அதைச் சேர்ப்பதால் எல்லாரிடமும் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் தெரியவில்லை.

இதயச் செயலிழப்பில் நிலைமை சற்று வேறு. மூச்சுத் தசையும் தளர்ந்திருந்த இதய நோயாளிகளிடம் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏரோபிக் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட இரண்டையும் சேர்த்து 12 வாரங்கள் செய்தவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மிகுதியாக உயர்ந்தது. இதய அறுவை சிகிச்சைக்கு முன்பே மூச்சுத் தசையைப் பயிற்றுவித்த நெதர்லாந்து ஆய்வு 2006இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் நேர்ந்தது.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவு தெளிவானது. மூச்சுத் தசை தளர்ந்திருக்கிறதா என்பதை அளந்து பார்த்த பிறகே கருவியைத் தர வேண்டும். உள்ளிழுக்கும் அழுத்தம் 60 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குக் கீழே இருந்தால் தளர்ச்சி உண்டு எனப் பொதுவாகக் கொள்வர். அத்தகையோர்க்கும், பத்தடிகூட நடக்க முடியாமல் இரைப்போர்க்கும், இதயம் தளர்ந்தோர்க்கும், பெரிய அறுவைக்குக் காத்திருப்போர்க்கும் கருவி உதவக்கூடும். ஏனையோர் பல நாள் கூலியைச் சேர்த்து அதை வாங்க வேண்டியதில்லை. கருவி இல்லாத வீட்டுக்கும் நடை என்னும் மருந்து உண்டு.

பந்துக் கருவியும் பலூனும்

அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கோவிட் காலத்திலும் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த மூன்று பந்துக் கருவியைச் சிலர் இன்றும் எதிர்ப்புப் பயிற்சி என எண்ணிச் செய்துவருகின்றனர். அதன் பணி வேறு. ஆழ்ந்து மெல்ல மூச்சிழுத்து, சுருங்கிய நுரையீரல் பகுதிகளை விரியச் செய்வதற்கே அது தரப்படுகிறது. அதில் சுமையை அளந்து ஏற்ற வழியில்லை. மூன்று பந்தும் மேலெழுந்துவிட்டதால் மூச்சுத் தசை வலுப்பெற்றுவிட்டது எனக் கொள்ள முடியாது.

பலூன் ஊதுவது மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி. காற்று உள்ளே தேங்கும் அடைப்பு நோயாளி, மருத்துவரைக் கேளாமல் அதில் இறங்க வேண்டாம். பிராணாயாமத்தை அமைதிக்காகவும் மூச்சை நிதானப்படுத்தவும் செய்வோர் செய்யலாம். மூச்சை நெடுநேரம் அடக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும். இவற்றில் எதுவும் நடைக்கு மாற்றாகாது.

ஓய்வே மருந்து என்ற காலம்

நுரையீரல் நோய்க்கு ஓய்வே மருந்து என்னும் எண்ணம் நம் வீடுகளில் தானாகத் தோன்றியதன்று. ஒரு காலத்தில் மருத்துவமே அதைத்தான் போதித்தது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் இல்லம் தொடங்கிய நாள்களில் நல்ல காற்றும் நல்லுணவும் ஓய்வுமே பெரிய மருந்துகளாக இருந்தன. ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ரயில் நிலையப் பெயரில் அக்காலம் இன்றும் நிற்கிறது.

அந்த நம்பிக்கையை ஆய்ந்து பார்த்ததும் சென்னைதான். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஊட்டமான உணவுடனும் ஓய்வுடனும் இருந்து மருந்துண்டனர். மற்றவர்கள் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, அன்றாட வேலைகளுக்கிடையே அதே மருந்தை உண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். படுக்கையும் ஓய்வும் குணத்தைக் கூட்டவில்லை. வீட்டிலிருந்ததால் குணம் குறையவும் இல்லை. காசநோயில் மெய்ப்பட்டதை அப்படியே அடைப்பு நோய்க்குப் பொருத்த முடியாது. ஆனால் நோயாளி என்றால் கிடக்க வேண்டும் என்னும் எண்ணத்தை ஐயுறுவதற்கு நமக்கு வெளியூர்ச் சான்று தேவையில்லை என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

எப்படிச் செய்வது?

பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவமனையில் ஒருமுறை அளவெடுத்துக்கொள்வது கட்டாயம். முப்பது மீட்டர் நீளமுள்ள நடைவழியில் ஆறு நிமிடங்களில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது, அப்போது ஆக்சிஜன் அளவு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். அதைக் கொண்டே ஒவ்வொருவர்க்கும் அளவு குறிக்கப்படும்.

வீட்டில் நடக்கும்போது மின்கம்பங்களையே அளவுகோலாகக் கொள்ளலாம். முதல் வாரம் இரண்டு கம்பத் தொலைவு நடந்து, நின்று இளைப்பாறி, மீண்டும் நடக்கலாம். நடையும் ஓய்வுமாகச் சேர்த்து இருபது நிமிடங்கள் ஆகட்டும். வாரந்தோறும் ஒரு கம்பம் கூட்டி, இடையோய்வைக் குறைத்துக்கொண்டே வந்தால் இடைவிடாத இருபது முப்பது நிமிட நடையை எட்டலாம். வாரத்தில் ஐந்து நாள், குறைந்தது எட்டு வாரம் செய்தால்தான் பயன் தெரியும். நடக்கும்போது மூச்சு வாங்க வேண்டும். ஆனால் ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் பேச முடிய வேண்டும். மூச்சே வாங்காவிட்டால் நடை போதாது. பேச்சே வராவிட்டால் நடை மிகை.

இடமும் நேரமும் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் நடக்க வேண்டாம். அங்கு வரும் வண்டிகளின் வேகம் யாவரும் அறிந்ததே. தெருவும் பள்ளி மைதானமும் கோயில் சுற்றுப்பாதையும் போதும். கடற்கரை மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைவிட மிகுதியான ஆற்றல் செலவாகும். அது பின்னாளைக்கு இருக்கட்டும். வெயிலேறுமுன் நடந்து முடித்துவிட வேண்டும். மழை நாள்களில் திண்ணையிலோ கூடத்திலோ நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் நல்ல பயிற்சியே.

எதிர்ப்புக் கருவி தரப்பட்டவர்கள், அளந்தறிந்த தம் மூச்சழுத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுச் சுமையில் தொடங்குவது வழக்கம். காலையில் 30 மூச்சு, மாலையில் 30 மூச்சு. பத்துப் பத்தாகப் பிரித்தும் செய்யலாம். சுமையைக் கூட்டுவதை இயன்முறை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நடைக்கும் கருவிப் பயிற்சிக்கும் இடையே போதிய இளைப்பாறல் இருக்கட்டும். உறிஞ்சு மருந்து பரிந்துரைக்கப்பட்டவர்கள் நடைக்குமுன் அதை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதைக் கேட்டறிந்து செய்க. இரைப்பு மிகும்போது உதட்டைக் குவித்து, விளக்கை ஊதுவதுபோல் மெல்ல மூச்சை வெளிவிட வேண்டும்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, இருமலில் குருதி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் வாருங்கள். ஆக்சிஜன் அளவு 88 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலும் அவ்வாறே. காய்ச்சலும் புதிய சளியும் உள்ள நாள்களில் நடை வேண்டாம். நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தவர்களும், செவிப்பறை கிழிந்தவர்களும், அண்மையில் கண் அல்லது வயிற்று அறுவை செய்துகொண்டவர்களும் எதிர்ப்புக் கருவியைத் தாமாகத் தொடக் கூடாது. புகைப்பதைக் கைவிடாமல் இவற்றைச் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதேயாகும்.

உடனிருப்போர்க்கும் எங்களுக்கும்

உடனிருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்ச் சொம்பைக் கைக்குக் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். அவரே எழுந்து சென்று எடுக்கட்டும். குளிக்கவும் துணி மடிக்கவும் காய் நறுக்கவும் அவருக்கு ஆகும் நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியை அவர் பக்கத்தில் போடுவதைவிட அடுத்த மின்கம்பத்தடியில் போட்டு வைப்பது மேலான பணிவிடை. மூச்சிரைப்பைக் கண்டு உங்கள் முகம் பதறினால் அவர் அச்சம் இரட்டிப்பாகும். அச்சமே மூச்சை மேலும் விரைவாக்கும்.

எங்களைப் போன்றோர் மீதும் பொறுப்பு உண்டு. “கொஞ்சம் நடங்க” என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது. மாத்திரைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதுகிறோம். நடைக்கும் அவ்வாறே சீட்டில் எழுதித் தர வேண்டும். கருவியைப் பரிந்துரைக்குமுன் மூச்சழுத்தத்தை அளக்க வேண்டும். வாரம் மூன்று நாள் பேருந்தேறி வந்து பயிற்சி பெற உப்பளத் தொழிலாளியால் இயலாது. ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாள் கூலி போகிறது. ஆகவே பயிற்சிதான் அவர் ஊருக்குச் செல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவம் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. சர்க்கரை நோயாளிக்கும் இரத்த அழுத்த நோயாளிக்கும் மாத்திரை கொண்டுவரும் அக்குழுவின் பட்டியலில் மூச்சிரைப்பு நோயாளியின் நடைக் கணக்கும் சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கடிகாரமும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் ஒரு குறிப்பேடும் போதும்.

தொடக்கத்தில் கேட்ட அந்த மகளுக்கு என் விடை இதுதான்: நடக்க விடலாம் அம்மா, இன்று அளவெடுத்துக்கொண்டு, நாளைக் காலையிலேயே தொடங்கலாம். முதல் வாரம் நீங்களும் அவருடன் நடந்து வாருங்கள். எத்தனை கம்பம் நடந்தார், எங்கே நின்றார் என்பதைப் பிள்ளைகளின் பழைய நோட்டில் நாள்தோறும் குறித்து, அடுத்த முறை வரும்போது மறவாமல் கொண்டுவாருங்கள். மருந்துச் சீட்டுடன் அதையும் நான் பார்க்க வேண்டும்.